மாப்பிள்ளை என்கிற நாய்

நாய்க்குக் கோழி எலும்பு போடக் கூடாது, தொண்டையில் குத்திக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். அந்த நாய் எங்கள் வீட்டில் இருந்த காலம் முழுக்க நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. எலும்பைத் தனியே எடுத்துவிட்டு, சதையைப் பிய்த்து, ஆறவைத்துத்தான் தட்டில் வைப்பேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எனக்கு நாயைக் கண்டாலே ஆகாது என்று யாரோ உங்கள் காதில் போட்டிருக்கிறார்கள். நீங்கள் கேள்வி கேட்கிற தினுசிலேயே தெரிகிறது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை இன்ஸ்பெக்டர் அம்மா. நாயின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

நான் திரைச்சீலை தைக்கிறவள். கீழே கடை, அதற்குப் பின்னால் சமையலறையும் படுக்கிற அறைகளும். மேலே துணி வெட்டுகிற அறை. இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு மரப்படி. தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். அம்மாவும் அப்பாவும் போனபோது அவன் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. நான்தான் வளர்த்தேன். அதற்காக நான் தியாகம் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். தியாகம் என்று சொல்ல வேண்டுமானால் யாராவது பெண் கேட்டு வந்திருக்க வேண்டும். யாரும் வரவில்லை. ஆகவே கணக்கு நேர்.

தம்பிக்குக் கல்யாணம் செய்துவைத்ததும் நான்தான். அவன் பெண்டாட்டி ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தாள், முன்னறையில் உட்கார்ந்து பெயரைக் கேட்டு உள்ளே அனுப்புகிற வேலை. பல்லைப் பிடித்துக்கொண்டு நடுங்கி வருகிறவர்களைக்கூட இரண்டு வார்த்தை பேசி உட்காரவைத்துவிடுவாளாம். அப்படி ஒரு குரல். என்னை அண்ணி அண்ணி என்று கூப்பிடுவாள். குறை சொல்லக் கூடாது, மரியாதையில் ஒரு குறையும் வைத்ததில்லை.

நாய் அவர்கள் இருவரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தது. வந்த அன்றைக்கே கூடத்தில் இருந்த நல்ல நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தட்டில் வைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. "பாருங்க அண்ணி, கெஞ்சினாத்தான் சாப்பிடுவாராம். மாப்பிள்ளை முறுக்கு" என்றாள் அவள். அதுவே பெயராகிவிட்டது. மாப்பிள்ளை.

பிறகு ஒரு நாள் தனிக்குடித்தனம் போகலாம் என்று அவள் பேச்செடுத்தாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன், தைத்துக்கொண்டே இருந்தேன். "உங்களுக்கு எப்ப வாய் திறக்குதோ அப்ப சொல்லுங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தக் கட்டடத்தில் நாய் வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் நாய் எங்களோடு இருந்தது. அப்புறம் அவள் ஒரு கீழ்த்தளத்து வீட்டுக்குக் குடிபோனாள். போனதும் வழக்குப் போட்டாள்.

அவள் விவாகரத்துக் கேட்டிருந்தால் நான் இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். அவள் கேட்டது நாயை. இதை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். புருஷன் வேண்டாம் என்கிறவள் நாய்க்காக எதற்கு அலைகிறாள்? கொடுத்துத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டிய தம்பி எதற்கு வக்கீல் வைத்து மல்லுக்கட்டுகிறான்? ஒவ்வொரு வாய்தாவுக்கும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவன் வக்கீலுக்குத்தான் கடைசிவரை புரியவில்லை.

முதல் நாள் நீதிபதி காகிதத்தைப் புரட்டிவிட்டு, "யாரிந்த மாப்பிள்ளை? ரெண்டு பேரும் அவரை எங்கிட்ட குடுன்னு கேக்கறீங்க. அவர் ஏன் வரல?" என்றார்.

"மாப்பிள்ளைதாங்க நாய்" என்றார் எங்கள் வக்கீல்.

"மாமனார் வீட்டுல வேணா அப்படிச் சொல்லுங்க. இங்க மரியாதையாப் பேசுங்க."

"இல்லீங்க, நாயோட பேரே அதுதாங்க."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சுருக்கெழுத்து எடுக்கிற பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டாள். வழக்கு முடிகிற வரைக்கும் நாயைப் பார்க்கவாவது வேண்டும் என்று தம்பி பெண்டாட்டி கேட்டாள். வீட்டுக்கு வந்தால் மனஸ்தாபம் வரும் என்றார் எங்கள் வக்கீல். நான்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தேன். "குரலையாவது கேட்கணுங்க ஐயா" என்றாள் அவள்.

"நாய் போன்ல பேசாதுங்களே" என்றார் எங்கள் வக்கீல்.

"உங்க கட்சிக்காரரே பொண்டாட்டிகிட்ட பேச மாட்டேங்கறார். நாயாவது பேசட்டுமே" என்றார் நீதிபதி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் போன் செய்யலாம், இந்தப் பக்கம் போனைச் சத்தமாக வைத்து நாயின் முன்னால் பிடிக்க வேண்டும் என்று உத்தரவானது. தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. "வீட்டுல யார் இருப்பாங்க?" என்று கேட்டார் நீதிபதி. "அக்கா இருப்பாங்க" என்றான் தம்பி. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

வாய்தா நாட்களில் நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு கிளி வழக்கு. ஒருவர் வீட்டுக் கிளி பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துத் தினமும் "சோம்பேறி, எந்திரிடா" என்று கத்துகிறதாம், அவர் மானநஷ்டம் கேட்டு வந்திருந்தார். கூண்டோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். எவ்வளவு கேட்டும் வாயே திறக்கவில்லை. பேசாது, வழக்கே பொய் என்று அந்தப் பக்கத்து வக்கீல் வாதாட ஆரம்பித்து நீட்டிக்கொண்டே போனார். கிளி அவரைப் பார்த்து, "போதும் நிறுத்து" என்றது. உள்ளே இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு தாழ்வாரம் வரை வந்தது. தம்பி இந்தப் பெஞ்சிலும் அவள் எதிர்ப் பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எப்போது எழுந்து வந்தாள் என்று எனக்கே தெரியவில்லை. கை அவன் தோள்மேல் இருந்தது.

"உங்க வக்கீலுக்கும் ஒரு கிளி வாங்கிக் குடுங்க" என்றாள்.

"உன் வக்கீலுக்கு வேண்டாமா? அந்தாளுக்கு நாயைக் கண்டாலே கால் ஆடுது" என்றான் அவன்.

நான் எழுந்து போய் டீ வாங்கிக்கொண்டு திரும்பினேன். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் தனித்தனியாகிவிட்டார்கள். அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றித்தானே கேட்டீர்கள்? சொல்கிறேன். ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மேலே வெட்டுகிற அறையில்தான் நாய்க்குப் படுக்கை. அறையைக் குறுக்கே தடுத்து ஒரு கனத்த திரை தொங்கும், அதற்குப் பின்னால் துணி உருளைகளை அடுக்கியிருப்பேன். திரையில் முதுகை ஒட்டிக்கொண்டு படுப்பது அதன் வழக்கம். முன்னால் முக்காலியில் போனை வைப்பேன். "மாப்பிள்ளே, என் தங்கம், சாப்பிட்டியாடா?" என்று அவள் ஆரம்பிப்பாள். அது போனையே நக்கித் தீர்த்துவிடும். நான்தான் துடைத்து வைக்க வேண்டும். துடைத்தேன்.

ஒரு வாரம் பேசி முடித்ததும் அவள் வைக்கவில்லை. "அண்ணி, அவர் எப்படி இருக்கார்? அந்த இருமல் போச்சா?" என்று கேட்டாள்.

ராத்திரி தம்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "போன் பண்ணாளா? என்ன சொன்னா?" என்றான்.

"நாயைக் கேட்டா."

"வேற?"

"வேற என்ன கேக்கறதுக்கு இருக்கு?"

அவன் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டான். ஒரு வார்த்தைக்கு அவ்வளவு பசியும் போய்விட்டது அவனுக்கு. நான் அவனுக்காகச் செய்துவைத்ததையெல்லாம் மூடி வைத்தேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். நாய் அவளைத் தேடுகிற வரையில் அவள் நாயைத் தேடுவாள், அவள் நாயைத் தேடுகிற வரையில் இவன் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பான். எங்கேயாவது ஒரு இடத்தில் தையலைப் பிரிக்க வேண்டும். பிரிக்கிறவர்கள் கெட்டியான இடத்தில் கத்தரியை வைக்க மாட்டார்கள். எந்த இடம் இளகியிருக்கிறதோ அங்கேதான் வைப்பார்கள்.

ஓரம் மடித்துத் தைக்கிற ஊசி ஒன்று உண்டு. மெல்லியது. குத்தினால் ரத்தம்கூட வராது, நான் ஒரு நாளில் பத்துத் தடவை என் விரலிலேயே குத்திக்கொள்வேன். அதைத்தான் எடுத்தேன், கோணி ஊசியை அல்ல. திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். திரையில் இரண்டு துணி சேருகிற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருந்தேன். அவள் "மாப்பிள்ளே" என்றதும், அதன் பின்னங்கால் விரல்களுக்கு நடுவில். அவ்வளவுதான். அவள் பேசாமல் இருந்தால் நானும் சும்மா இருந்தேன். அவள் பேசினால் மட்டும். நாய்க்கு மோப்பம் உண்டே, நான் இருப்பது தெரியாதா என்று கேட்பீர்கள். அந்த அறை முழுக்கவே என் வாசனைதான் அம்மா. அதற்கு எது திரை, எது நான் என்று எப்படித் தெரியும்?

முதல் தடவை அது திரும்பிப் பார்த்தது. திரைதான் இருந்தது. பிறகு போனைப் பார்த்தது.

"அண்ணி, அழறானே" என்றாள் அவள்.

"ஆமாம்மா. உன் குரலைக் கேட்டாலே அப்படித்தான்."

"என்னைத் தேடறான் அண்ணி. நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னுதான் எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கு. கொஞ்சம் தடவிக் குடுங்களேன்."

தடவிக் கொடுத்தேன். அவள் போனை வைத்த பிறகு ஒவ்வொரு தடவையும் தடவிக் கொடுத்திருக்கிறேன், இறைச்சி வைத்திருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் அழுகிறான் அழுகிறான் என்று இன்னும் அதிக நேரம் பேச ஆரம்பித்தாள். பாட்டுக்கூடப் பாடினாள். அது என் குற்றமா? போகப் போக ஊசி தேவைப்படவில்லை. போன் மணி அடித்தாலே அது மேசைக்கு அடியில் போய்விடும். ஆனாலும் நான் நிறுத்தவில்லை, அதைத் திரையோரமாகக் கட்டிவைத்துக்கொண்டேன். ஒரு வேலையைப் பாதியில் விடுவது என் வழக்கம் இல்லை.

தீர்ப்பு நாள் வந்தது. "ரெண்டு பக்கமும் பேசியாச்சு. மூணாவது ஆளையும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றார் நீதிபதி. நாயைக் கொண்டுவந்தார்கள். இடம் கொள்ளாத கூட்டம். மற்ற வழக்குகளின் வக்கீல்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்து சுவரோரமாக நின்றார்கள். சங்கிலியைக் கழற்றியதும் அது அவளைப் பார்த்தது. வால் ஆடியது. நிஜமாகவே ஆடியது, எனக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது. இரண்டு எட்டு எடுத்துவைத்தது.

அவள் வாயைத் திறந்தாள். "மாப்பிள்ளே, வாடா தங்கம்."

அது அப்படியே தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. இருந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போனது. பிறகு ஊர்ந்து ஊர்ந்து நீதிபதியின் மேடைக்கு அடியில் புகுந்துகொண்டது. நீதிபதி காலை மேலே தூக்கிக்கொண்டார். "என்னம்மா, உங்களைப் பார்த்ததும் மாப்பிள்ளை எங்கிட்ட தஞ்சம் கேக்கறாரே. அவ்வளவு கொடுமையா?" என்றார். சிரிப்பில் கூரை பிய்ந்துவிடும் போல இருந்தது. அவளும்தான் சிரித்தாள் முதலில். குனிந்து இன்னொரு தடவை கூப்பிட்டாள். உள்ளேயிருந்து ஊளைச் சத்தம் வந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டாள். அதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. நீதிபதி காலைக் கீழே வைத்துக்கொண்டு, "போதும்மா, கூப்பிடாதீங்க" என்றார்.

நாய் தம்பிக்கு என்று தீர்ப்பானது. நாங்கள் ஜெயித்தோம்.

நான் ஒரு விஷயத்தை எதிர்பார்க்கவில்லை. வெளியே வந்ததும் சங்கிலியை என் கையில் கொடுத்துவிட்டு, தம்பி அவளோடு போனான். அவள் தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அவன் என்னை மறக்கலைங்க. என்னைக் கண்டு பயப்படறான். நான் என்னங்க பண்ணேன் அவனை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். தோற்றவளை அவன் வீட்டில் கொண்டுபோய் விட்டான். அடுத்த நாளும் போனான். அதற்கடுத்த நாளும் போனான். அவள் ஜெயித்திருந்தால் போயிருக்க மாட்டான். நான் வளர்த்த பிள்ளைதான், ஆனாலும் அவனுடைய இந்தக் குணத்தை நான் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமலே, "அக்கா, நாங்க ரெண்டு பேரும் தனியாப் போலாம்னு இருக்கோம்" என்றான்.

"நாய்?"

"அதுவும்தான். பழக்கிக்கலாம்னு சொல்றா."

"நான்?"

"நீ ஏன்க்கா அப்படிக் கேக்கற? வாரா வாரம் வருவோம்."

வாரா வாரம். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

அந்த வாரமே அவள் எனக்குப் போன் செய்தாள். "அண்ணி, நாளைக்கு நான் அங்க வரட்டுமா? அவருக்குத் தெரிய வேண்டாம். மாப்பிள்ளைக்குப் பிடிச்ச பிஸ்கட் வாங்கி வெச்சிருக்கேன். பக்கத்துல உக்காந்து மெதுவாப் பேசிப் பேசியே சமாதானம் பண்ணிடறேன். சாயங்காலம் அவர் வரும்போது நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கதவைத் திறந்தா எப்படி இருக்கும்?"

"வாம்மா. உன் வீடுதானே" என்றேன்.

வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்லை அண்ணி" என்றாள். "எனக்கும் இல்லைம்மா" என்றேன். அதில் பொய் இல்லை. அவள்மேல் எனக்கு வருத்தம் என்று தனியாக எதுவும் இருந்ததில்லை.

நாய் மேலே இருந்தது. சாதாரணமாகப் பகலில் அதைச் சன்னல் கம்பியில் கட்டியிருப்பேன். அன்றைக்குக் காலையில் சங்கிலியைக் கழற்றிவிட்டேன். திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுமே என்று துணி உருளைகளைச் சுவர்வரை நெருக்கி அடுக்கிவைத்தேன். வெட்டுகிற மேசைக்கு அடியிலும் இரண்டு பெட்டிகளைத் தள்ளிவைத்தேன். ஓட இடம் இருந்தால் நாய் ஓடத்தான் பார்க்கும். இடம் இல்லாவிட்டால்தான் வேறு யோசனை வரும். இது யாருக்கும் தெரிந்ததுதானே.

"மேலதான் இருக்கான். உள்ள போனதும் கதவைச் சாத்திக்கோ, இல்லேன்னா ஓடிடுவான். நல்லா வாய்விட்டுக் கூப்பிடு. முதல்ல கொஞ்சம் முரண்டு பண்ணுவான், நீ விடாதே" என்றேன்.

"சரி அண்ணி" என்றாள். படி ஏறினாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் கீழே தைத்துக்கொண்டிருந்தேன். நீல நிறத்தில் ஒரு நீளத் திரை, மறுநாள் கொடுக்க வேண்டியது. அவள் கூப்பிடுவது கேட்டது. குரல் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. பிறகு வேறு சத்தங்கள் கேட்டன. "அண்ணி" என்றும் கேட்டது, அதுவும் ஒரு தடவை இல்லை. ஒரு ஓரம் பாக்கி இருந்தது. பாதியில் எழுந்தால் நூல் இழுத்துக்கொள்ளும். கதவு திறந்தது, அவள் பின்பக்கமாகவே வந்தாள், படி இருக்கிற ஞாபகம் அவளுக்கு இல்லை. நான் ஓரத்தை முடித்து, நூலை அறுத்து, திரையை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். ஆஸ்பத்திரிக்குச் சொன்னதும் நான்தான். வண்டி வருகிற வரையில் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். அங்கிருந்து அவள் திரும்பவில்லை.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கடித்த நாய், கொன்றுவிட வேண்டும் என்றார்கள். தம்பி கூடாது என்று மனுப் போட்டான். அதே நீதிமன்றம், அதே நீதிபதி. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, மாப்பிள்ளை என்று வாசித்தபோதுகூட. "ஐயா, அவளோடதுன்னு எனக்கு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்" என்றான். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அம்மா அப்பாவுடையதாக அவனுக்கு நானும் மிச்சம் இருக்கிறேன் அல்லவா? அது அவனுக்குத் தோன்றவில்லை. துக்கத்தில் தோன்றாது.

பிறகு அவன்தான் நாயைக் கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போனான். அவளுடைய பழைய குரல் பதிவை அங்கே போட்டுக்காட்டினானாம், நாய் சுவரில் ஏறப் பார்த்ததாம். டாக்டர் அதன் பின்னங்காலை விரித்து, விளக்கு வைத்து ஊசித் தழும்புகளைப் பார்த்தாராம். "போன் வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுல யார் இருந்தது?" என்று கேட்டாராம். நல்ல டாக்டர்தான். அதனால்தான் நீங்கள் கேட்டதும் நான் மறைக்கவில்லை. ஊசி பிடித்தது நான். சங்கிலியைக் கழற்றியது நான். கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னதும் நான். நாய்மேல் ஒரு தப்பும் இல்லை, அதைக் கொல்ல வேண்டாம் என்று எழுதுங்கள். தம்பிக்கு அது ஆறுதலாக இருக்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் அவனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன். பக்குவமாகச் சொன்னால் அவன் புரிந்துகொள்வான், எதையும் நான் சொன்னால்தான் அவனுக்குப் புரியும். வெளியே பெஞ்சில்தான் இருப்பான், கூப்பிடுங்கள்.

இல்லையா?

எல்லாவற்றையும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தானா? நாயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டானா? சரி. உங்கள் ஆள் கையில் என்ன அது?

வீட்டுச் சாவி. என்னிடம் கொடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போனானா? பார்த்தீர்களா அம்மா, இவ்வளவு வேதனையிலும், நான் திரும்பிப் போகும்போது பூட்டிய வீட்டு வாசலில் நின்றுவிடக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.